மீனாவுக்குத் தெரியட்டும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் மீனாவும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை. அப்புச்சி தோப்பு விஷயம் ஒருவழியாக முடிந்தது. பெரியமாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீ பேசினபோது பின்னால் சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு விளையாடுகிற சத்தம் கேட்டது. ஊஞ்சல் சங்கிலி சத்தமும் கேட்டது. ஆபீஸ் நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று அப்பா கேட்டார். டீ குடிக்க வெளியே வந்திருப்பான் என்றேன். வெயிலில் அலையாதே கண்ணு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

பாப்பா செமஸ்டர் லீவுக்கு வந்திருக்கிறாள். பேசாத படக் காலத்துக் காலேஜ் படங்களைப் பற்றி ஏதோ எழுதித் தர வேண்டுமாம். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து எங்களையும் உட்கார வைக்கிறாள். முதலில் ஹரால்ட் லாயிட் நடித்த 'தி ஃப்ரெஷ்மேன்', 1925-இல் வந்தது. காலேஜில் எல்லாருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று படாத பாடு படுகிற பையன். விருந்துக்குக் கோட்டு தைத்து முடியவில்லை, அரைத் தையலோடு மாட்டிக்கொண்டு போகிறான். ஆட ஆடத் தையல் பிரிகிறது. தையற்காரர் ஊசியும் நூலுமாகப் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து வருகிறார். அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவரை அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஆனால் அந்தப் பெண் பெக்கி இருக்கிறாளே, அவள்தான் என் மனதில் நின்றாள். மற்றவர்கள் அவனைக் கேலிப்பொருளாக வைத்திருக்கிறார்கள், அவன் ஆசைப்பட்ட பெண் மட்டும் வேஷம் போடாதே, நீ நீயாக இரு என்கிறாள். மீனாவைத்தான் நினைத்துக்கொண்டேன். காலேஜில் உன்னோடு படித்தவள், உன் சம்பளம் என்னவென்று கேட்டா வந்தாள்? அன்றைக்கு அப்பா பேசின பேச்சுக்கெல்லாம் ஒரு சொல் திருப்பிப் பேசாமல் நின்றாளே.

அடுத்து ஜப்பான் படங்கள். யசுஜிரோ ஓசு என்று ஒருவர். இந்த மாதிரி அமெரிக்கப் படங்களை விழுந்து விழுந்து பார்த்தவராம். அவர் காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை என்று பாப்பா சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. நுழைவுத் தேர்வில் தேறவில்லை. ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுமார் ஒரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, 1923-இல் சோச்சிகு கம்பெனியில் கேமரா உதவியாளாகச் சேர்ந்திருக்கிறார். பரீட்சையில் போனதோடு ஒன்றும் முடிந்துவிடவில்லை பார். 1930-இல் அவர் எடுத்த ஒரு படத்தில் பையன் சட்டை முதுகில் பிட் எழுதி வைத்திருக்கிறான். வீட்டுக்காரம்மா அதைச் சலவைக்குப் போட்டுவிடுகிறாள், அவன் பெயிலாகிவிடுகிறான். எதிர்க்கடைப் பெண்ணுக்கு அவன்மேல் பிரியம். பாஸானவர்கள் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்க, பெயிலானவன் மறுபடி காலேஜுக்குப் போகிறான். ரொம்ப நல்ல படம், நீயும் மீனாவும் சேர்ந்து பாருங்கள்.

சொல்ல வந்தது இதுவல்ல. அதற்கு முந்தின வருஷம், 1929-இல், அவர் இன்னொரு படம் எடுத்திருக்கிறார். காலேஜ் முடித்தேன், ஆனால்... என்கிற மாதிரி பெயர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடின படம், இப்போது பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் மிஞ்சியிருக்கிறது. ஜப்பானில் 1927-இல் வங்கிகள் வரிசையாக மூடி, பட்டம் வாங்கின பிள்ளைகள் வேலைக்கு நாயாய் அலைந்த காலமாம். இந்தப் படத்தின் பெயரையே ஊரில் எல்லாரும் பழமொழி மாதிரி சொல்லிக்கொண்டார்களாம்.

பையன் டோக்கியோவில் இருக்கிறான். ஒரு கம்பெனியில் வாசலில் வருகிறவர்களை விசாரித்து அனுப்புகிற வேலைதான் இருக்கிறது என்கிறார்கள். டிகிரி முடித்த நான் அங்கே உட்காருவதா என்று ரோஷத்தோடு வந்துவிடுகிறான். ஊருக்கு மட்டும் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பி அம்மாக்காரி அவனுக்கு நிச்சயித்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிடுகிறாள். மறுநாள் காலையில் அவனை ஆபீசுக்கு வழியனுப்புகிறார்கள். அவன் போய்ப் பூங்காவில் பொழுதைக் கழிக்கிறான்.

அறைச் சுவரில் ஹரால்ட் லாயிடின் 'ஸ்பீடி' படப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிரித்த முகத்துக்குக் கீழேதான் இவ்வளவும் நடக்கிறது. அம்மா ஊருக்குத் திரும்பின பிறகு அவன் அந்தப் பெண்ணிடம் சொல்கிறான். வாயால் சொல்லவில்லை. 'சண்டே மைனிச்சி' என்று ஒரு வாரப் பத்திரிகை, அதன் அட்டையைக் காட்டுகிறான். மைனிச்சி என்றால் தினமும் என்று பாப்பா சொன்னாள். தனக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான் என்கிறான் பாவம். அந்தப் பெண்ணாக நடித்த கினுயோ தனகாவுக்கு அப்போது 19 வயது. பேச்சே இல்லாத படத்தில் அந்த முகம் எவ்வளவு பேசுகிறது! அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அவனுக்குத் தெரியாமல் ஒரு காபிக் கடையில் வேலைக்குப் போகிறாள். அதைப் பார்த்துவிட்டு முதலில் கோபப்படுகிறான், பிறகு வெட்கப்பட்டு, வேண்டாம் என்ற அதே வாசல் வேலையை ஏற்றுக்கொள்ளப் போகிறான். உன்னைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னோம் என்று நல்ல வேலையே கொடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சோதனையாவது ஒன்றாவது. அவன் வாசலில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று படத்தில் சொல்லவில்லை. பாப்பா தெரியாது என்கிறாள். தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று கேட்டாள், அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாய். அப்பா அப்போது மில்லில் பதிலி ஆள். நிரந்தர ஆள் வராத நாளில்தான் வேலை. ஆனாலும் பகல் ஷிப்டு முடிந்து தினமும் பஞ்சோடுதான் வருவார். புருவத்தில், காது மடலில், முன்னங்கை முடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். ஒருநாள் துண்டை எடுத்துக்கொண்டு போகிறேன், தட்ட ஒன்றுமில்லை. தலைமுடி எண்ணெய் வைத்தபடியே பளபளவென்று இருந்தது. மறுநாளும் அப்படித்தான். நான் துண்டால் சும்மா தட்டினேன், அவரும் சும்மா நின்றார். பூக்காரம்மாதான் அவரை வ.உ.சி. பூங்காவில் டிபன் பாக்ஸோடு பார்த்ததாகச் சொன்னாள். காலையில் கேட்டிலேயே ஆள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி பஞ்சோடு வருகிறவரை தினமும் டிபன் கட்டிக் கொடுத்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் கண்ணு, அந்த நாட்களில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு அவர் ஒரு பக்கம் பயந்தார், நான் ஒரு பக்கம் பயந்தேன். வளையலை அடகு வைத்து மளிகை வாங்கினேன், அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவரும் சொன்னதில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் தூங்கியாவது இருப்போம். அன்றைக்குத் திண்ணையில் அந்தப் பூங்கா வந்தபோது அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மீனா என்னிடம் பேசும்போது உன் ஆபீஸ், உன் மேனேஜர், உன் வேலைப் பளு என்று வழக்கம்போலத்தான் சொல்கிறாள். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல். எங்களிடம் எப்போது சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. அவளிடம் மறைக்காதே. நம் தெருவில் முதலில் இன்ஜினியரிங் முடித்தவன் நீ. அந்தப் பெருமையை எங்கள் தலையில் வை, உன் தலையில் வைத்துக்கொண்டு அலையாதே. சின்ன வேலை பெரிய வேலை என்று பார்க்காதே. வேறு யாரிடமாவது கடன் கேட்டு வைக்காதே, கும்பகோணத்துச் சித்தப்பா கதை உனக்குத் தெரியும். மீனாவிடம் சொல்லிவிடு, இன்றைக்கே சொல்.

நான் எதையும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவும் இல்லை.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், வருகிற மாதமும் வேண்டாம். தோப்புப் பணம் வந்திருக்கிறது. மாடி வீடு காலியாகிவிட்டது. வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், வாடகைக்கு யாரிடமும் சொல்லவில்லை. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பஸ் பார்சலில் போடுகிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெங்களூர் வந்துவிடுமாம். மீனா ஆபீசுக்கு லீவு போட்டு அலைய வேண்டாம், நீயே போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா