விழித்திரைச் சவ்வு அறுவைக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும்

குமரி மாவட்டத்திலிருந்து விழித்திரைச் சவ்வு அறுவைக்கு (விழித்திரைமேல் படிந்து, நேர்கோட்டை வளைத்துக் காட்டும் மெல்லிய ஏட்டை உரிப்பது) ஆள் கூட்டிப்போய், சொட்டு மருந்து முடிகிறவரை துணை நிற்கும் நாங்கள் எழுதும் நன்றி மடல் இது. கத்தி பிடித்த டாக்டர்களுக்கு எல்லாரும் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்குத்தான் பாக்கி நிற்கிறது.

முதல் நன்றி, கண்ணாடிக் கடைகளிலும் முகாம்களிலும் கண் பரிசோதிக்கிற தம்பி தங்கைகளுக்கு. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் இந்த நோய் சிக்காது. நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். நீங்கள் ஒரு கண்ணைப் பொத்தி, படிக்கிற கண்ணாடியைப் போடச் சொல்லி, கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டையை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, நடுப்புள்ளியைப் பார்க்க வைக்கிறீர்கள். கோடு எங்கே வளைகிறதோ அங்கே நோயாளி கையாலேயே பென்சிலில் வரையச் சொல்கிறீர்கள். அட்டை இல்லாத இடத்தில் ஜன்னல் கம்பியே போதும். "புரைதான், பொறுத்துப் பாக்கலாம்" என்று அனுப்பிவிடாமல் ரெட்டினா (விழித்திரை) டாக்டருக்குச் சீட்டு எழுதியதில் பாதி வேலை முடிந்துவிட்டது.

விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படம் எடுக்கிறவர்களுக்கும் நன்றி. கருவிழிமேல் வளர்கிற சதையைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து வருகிறவர்களே அதிகம். திரையைத் திருப்பிக் காட்டி, இது கண்ணுக்குள்ளே பின்சுவரில், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் மேல் படிந்தது என்று விளக்குகிறீர்கள். சிரட்டையில் ரப்பர் பால்மேல் படியும் ஏடு சுருங்குவதுபோல இதுவும் சுருங்கி அடியிலுள்ள விழித்திரையை இழுக்கிறது. குழியாக இருக்க வேண்டிய நடுப்பகுதி வீங்கி மேடாகிறது. ஐம்பது வயதுக்குமேல் கண்ணுக்குள் இருக்கும் ஜெல் விழித்திரையை விட்டு விலகிய பிறகு பெரும்பாலும் வருவது. சர்க்கரை, பழைய விழித்திரைக் கிழிசல், கண்ணுக்குள் அழற்சி இவற்றாலும் வரும். சொட்டு மருந்தாலோ கண்ணாடியாலோ உரியாது.

பார்வை அட்டையில் 6/9 வரை (முழுப் பார்வைக்குச் சற்றே குறைவு) வாசிக்கிறவரிடம், வளைவும் தொல்லை தராவிட்டால், "ஆபரேஷன் இப்ப வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொன்ன டாக்டர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வேண்டாம் என்று சொல்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

தியேட்டர் சிஸ்டர்மாரைப் பற்றி நிறையச் சொல்லலாம். கருவியின் பருமன் 25 கேஜ் என்றால் துளை அரை மி.மீ.தான். கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி மூன்று துளைகள்: ஒன்றில் திரவம், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டும் கருவி. திரவக் குழாயின் நுனி உள்ளே தெரிகிறதா என்று டாக்டர் பார்க்கும்வரை திரவத்தைத் திறக்கக் கூடாது. நுனி உள்ளே போகாமலிருந்தால் திரவம் விழித்திரைக்கு அடியில் பாய்ந்து அதைத் தூக்கிவிடும். ஜெல்லை அகற்றியதும் பிரில்லியன்ட் புளூ சாயம். சவ்வில் நீலம் ஏறாது, அதற்கு அடியில், விழித்திரையின் மேலடுக்கான உள்ளெல்லைப் படலத்தில் ஏறும். சவ்வை உரித்தபின் மறுபடி சாயமிட்டு, இரண்டு மூன்று மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலத்தையும் பல டாக்டர்கள் உரிக்கிறார்கள். சவ்வு திரும்ப வளர்வது குறையும். இடுக்கி மாக்குலாமேல் இருக்கும் நேரத்தில் நோயாளி இருமினால் என்ன ஆகும்? ஊசி போட்டு மரத்த கண் அசையாது, ஆனால் தலை அசையும். துணிக்கு அடியில் நோயாளியின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இருமல் வந்தா முதல்ல என் கையை அமுக்குங்க அம்மா" என்று சொல்லிக்கொடுத்த சிஸ்டர் காப்பாற்றிய கண்கள் பல. முடிக்கும்போது ஓரங்களில் கிழிசல் தேடுவதும், துளை கசிகிறதா என்று பஞ்சால் ஒற்றிப் பார்ப்பதும் அவசரத்தில் விடுபடாமல் பார்த்துக்கொண்டீர்கள். கசிந்தால் ஒரு தையல். விட்டால் கண்ணின் அழுத்தம் இறங்கிவிடும்.

அறுவை முடிந்து திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஒதுங்க ஜன்னல் சீட்டை மாற்றிக்கொடுத்த கண்டக்டர் அண்ணன்மாருக்கு நன்றி. மெடிக்கல் கடைக்காரர்களுக்கு இன்னும் பெரிய நன்றி: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்துப் பாட்டிலைக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும், இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம் விட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். புதுச் சீட்டு இல்லாமல் இன்னொரு பாட்டில் கேட்டவர்களைத் திருப்பியும் அனுப்பினீர்கள். அந்த மருந்து நீண்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும்.

குப்புறப் படுக்க வைக்கிற அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அது மாக்குலாவில் ஓட்டை இருந்து கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்தவர்களுக்குச் சொன்னது. சவ்வை மட்டும் உரித்தவர் வழக்கம்போலப் படுக்கலாம். டாக்டர் சொன்னால் மட்டும் குப்புற. கேஸ் வைத்தவர் அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. மேலே போகப்போகக் கேஸ் விரிந்து கண்ணை நெருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா போகவிருந்தவர்களுக்கு டிக்கெட் தேதியை மாற்றித் தந்த டிராவல்ஸ்காரர்களே, நன்றி.

ரப்பர் தோட்ட முதலாளிமாரே, பால் வெட்டுகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் வேறு வேலை கொடுத்தீர்கள். இரண்டு கண்ணிலும் படம் ஒரே அளவில் தெரியாதபோது பட்டையின் ஆழம் பிடிபடாது. பார்வை முதல் மூன்று மாதத்தில் நன்றாக ஏறும், பிறகு ஒரு வருடம்வரை மெல்ல மெல்ல. எழுத்து தெளியும், வளைவு குறையும், பலருக்கு முழுதாகப் போகாது. புரை அறுவை செய்யாதவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் புரை முற்றி மறுபடி மங்குவது சகஜம். அதைச் சவ்வு திரும்பிவிட்டது என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

வலி கூடுகிறது, கண் சிவக்கிறது, திரை விழுந்ததுபோல் நிழல் என்றதும் விடியட்டும் என்று பார்க்காமல் இரவோடு இரவாக வண்டி எடுத்த ஆட்டோ அண்ணன்களுக்கு என்ன கைம்மாறு செய்ய!

கடைசியாக ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு. ஓசிடி அறிக்கையின் வரைபடத்தில் வீக்கம் எங்கே எவ்வளவு என்று நிறமும் காட்டும். கறுப்பு வெள்ளையில் அது தெரியாது. காசு குறைவாக வாங்கிக்கொண்டு கலரிலேயே எடுத்துத் தந்தீர்கள். அடுத்த பரிசோதனைக்கு அந்தத் தாளையும் கொண்டுபோகிறோம்.

நன்றியுடன்,
கண் நோயாளிகளுக்குத் துணை செல்வோர்,
நாகர்கோவில்