பெரிய மெஷினை நிப்பாட்டினது நல்லதுதான் தம்பி

தம்பி,

உன் மெசேஜ் வந்துச்சு. "அந்த பெரிய மெஷினை நிப்பாட்டிட்டேன்மா, கரண்ட் ரொம்ப இழுக்குது, கம்மியா இழுக்கற மாதிரி எது வாங்கலாம்னு சொல்லு, டிஸ்க்கை மட்டும் நீயே மாட்டி செட் பண்ணி அனுப்பிடு." அவ்வளவுதான். 43 நாளைக்கு அப்புறம் ரெண்டு வரி. 43ன்னு நான் எண்ணிட்டு உக்காந்திருக்கல, இங்க இருக்கற மெஷின் தினமும் ராத்திரி 2:10க்கு உன் வீட்டு மெஷினுக்கு பேக்கப் அனுப்பப் பாக்குது, அங்க ஆள் இல்லன்னு காலைல எனக்கு ஒரு மெயில் போடுது, அதுல நம்பர் இருக்கு. சரி விடு. நீ கேட்டதுக்கு பதில் சொல்றேன்.

நிப்பாட்டினது நல்லதுதான். அந்த ரேக் சர்வர் நான் உன் தலைல கட்டினது. ஆபீஸ்ல கழிச்சு விடறாங்கன்னு தெரிஞ்சதும் ரெண்டு ஜியான் ப்ராசசர், எட்டு டிஸ்க் போடற இடம்னு பாத்து எம்புள்ளைக்குன்னு கேட்டு வாங்கினேன், ஒரு தடவை கூட வாட் மீட்டர் வச்சு பாக்கல. 25 வருஷம் சர்வர் ரூம்ல வேலை பாத்தவ, ஆனா அங்க கரண்ட் பில் என் கைக்கு வந்ததே இல்லல்ல. நீதான் அளந்து சொன்ன, சும்மா இருக்கும்போதே 140 வாட்னு. கணக்கு போட்டு பாத்தேன். வருஷத்துக்கு 8760 மணி நேரம், அப்ப ஒரு வாட் நிக்காம ஓடினா வருஷத்துக்கு 8.76 யூனிட். 140 வாட்டுக்கு 1226 யூனிட் வருது. அதுவும் நாலு பேர் போட்டோவையும் ரெண்டு படத்தையும் வச்சுக்கறதுக்கு. அந்த ஃபேன் சத்தத்துல நீ எப்படி தூங்கினியோ தெரியல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிட்ட.

எது வாங்கினாலும் ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ, சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்குது, அதான் கேள்வி. வீட்டு சர்வர் ஒரு நாளைக்கு உருப்படியா ஒரு மணி நேரம் வேலை செஞ்சா பெருசு, மிச்ச 23 மணி நேரமும் யாராவது கூப்பிடுவாங்களான்னு பாத்துட்டு நிக்கறதுதான் அதோட வேலை. பெட்டி மேல போட்டிருக்கற டிடிபி நம்பரை, அதான் முழு வேலை செய்யும்போது ப்ராசசர் எவ்வளவு சூடு தள்ளும்னு போடற வாட் கணக்க, பாத்து ஏமாறாத. 65 வாட்னு போட்டது சும்மா இருக்கும்போது கம்மியா இழுக்கலாம், 35 வாட்னு போட்டதும் அதே அளவு இழுக்கலாம். பேர் கடைசில டி எழுத்து வர்ற இன்டெல் ப்ராசசருக்குன்னு கூட காசு குடுத்துடாத, அது உச்சத்தை மட்டும்தான் கட்டிப்போடுது, சும்மா இருக்கும்போது அதுவும் இதுவும் ஒண்ணுதான். செவுத்து பிளக்ல மீட்டர் போட்டு பாக்கற நம்பர்தான் நிஜம்.

முன்னாடி ஒரு தடவை நீ மூணு சொல்லியிருந்த, ஃப்ரெண்டோட கேமிங் பிசி, ராஸ்பெர்ரி பை, மினி பிசின்னு. உன் ஃப்ரெண்டோட கேமிங் பிசி வேண்டவே வேண்டாம். அதுல தனி கிராபிக்ஸ் கார்ட் இருக்கு, ஒண்ணும் பண்ணாமலே பத்து இருபது வாட் தின்னும். கார்டை கழட்டிட்டு ஓட்டறேன்னு சொல்லுவ, எனக்கு உன்ன தெரியும், ஆனா அதுல 750 வாட் பவர் சப்ளை. அது மேல இருக்கற 80 ப்ளஸ் கோல்ட் ஸ்டிக்கர, கரண்ட்ட வீணடிக்காதுன்னு குடுக்கற தரச் சான்ற, பாத்து நல்லதுன்னு நினைக்காத, அந்த டெஸ்ட் எல்லாம் 20, 50, 100 சதவீத லோடுலதான் பண்றாங்க, டைட்டானியம் மாதிரி மேல் தரத்துக்குத்தான் 10 சதவீதத்துலயும் பாக்கறாங்க. உனக்கு வேண்டியது 20 வாட். 750ல 20ங்கறது மூணு சதவீதம் கூட இல்ல. அந்த இடத்துல அது எவ்வளவு வீணடிக்குதுன்னு ஸ்டிக்கர் சொல்லாது. அதுக்கு லேப்டாப்புக்கு வர்ற மாதிரி சின்ன அடாப்டர்ல ஓடற மினி பிசி எவ்வளவோ மேல்.

ராஸ்பெர்ரி பை 5, அந்த உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர், நல்லதுதான், நீ சொன்ன மூணுல கம்மியா இழுக்கறது அதான். ஆனா 5 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளைதான் போடணும், பழைய போன் சார்ஜர்ல ஓட்டினா யூஎஸ்பிக்கு மொத்தமே 600 மில்லி ஆம்பியர்தான் விடும், டிஸ்க் பாதில அறுந்து அறுந்து போகும், அப்புறம் நீ டிஸ்க்கை சந்தேகப்படுவ. வீடியோவை டிவிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கறதுக்கும் அதுல ஹார்ட்வேர் என்கோடர், அதுக்குன்னே இருக்கற சர்க்யூட், இல்ல. அக்கா அங்க வந்தா டிவில படம் பாக்கணும்பா, அதுக்கு அது ஆகாது.

அதனால என் ஓட்டு இன்டெல் என்100 ப்ராசசர் போட்ட மினி பிசிக்குதான். 2023ல வந்த சிப்பு, நாலு சின்ன கோர், டிடிபி 6 வாட், வீடியோ மாத்தறதுக்கு உள்ளேயே க்விக் சிங்க்னு தனி சர்க்யூட் இருக்கு. நான் இங்க அதைத்தான் வச்சிருக்கேன், எஸ்எஸ்டி மட்டும் போட்டு மீட்டர்ல பாத்தா 8 வாட் பக்கத்துல நிக்குது. மெமரி ஒரே சேனல்தான், கார்டு பேசற பாதை, அதான் பிசிஐ லேன், அதுவும் ஒம்பதே ஒம்பதுதான், பெருசா கார்ட் எல்லாம் சொருக முடியாது, சொருகக்கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். இன்னொண்ணு, அக்காவோட பழைய லேப்டாப் அங்கதான இருக்கு? திரையை அணைச்சுட்டா அதுவும் அதே அளவுதான் இழுக்கும், பேட்டரி வேற இருக்கு, கரண்ட் போனாலும் அணையாது. பேட்டரி உப்பியிருக்கான்னு மட்டும் பாத்துக்கோ, சார்ஜை 80 சதவீதத்துக்கு மேல ஏறாம கட்டி வை. காசு இப்ப கொஞ்சம் இறுக்கமா இருந்தா அதுலயே ஆரம்பிச்சுடு. இறுக்கமா இருக்கான்னு நான் கேக்கல, சும்மா சொன்னேன்.

வாங்கினதும் பயாஸ்ல, அதான் மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ல, சி-ஸ்டேட் (ப்ராசசர் தூங்கற படிகள்), ஏஎஸ்பிஎம் (கார்டு, டிஸ்க் போற பாதை தூங்கறது) ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாரு, இது ரொம்ப முக்கியம். ப்ராசசர் வேலை இல்லன்னா படிப்படியா கீழ இறங்கி தூங்கும், ஆனா மெஷின்ல ஒரே ஒரு சாமான் ஏஎஸ்பிஎம் இல்லாம முழிச்சிட்டு இருந்தா போதும், மொத்த மெஷினும் கீழ இறங்காது. எனக்கு போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. பழைய டெஸ்க்டாப்புல டிஸ்க்குக்கு ஒரு கன்ட்ரோலர் கார்ட் போட்டிருந்தேன், பவர்டாப்னு கரண்ட் பாக்கற ப்ரோக்ராம் போட்டு பாத்தா ப்ராசசர் சி2ங்கற மேல் படிலயே நிக்குது, என்னென்னவோ மாத்தி பாத்தேன், ரெண்டு சாயங்காலம் போச்சு, கடைசில கார்டை கழட்டி டிஸ்க்கை போர்டுலயே சொருகினதும் சி8ங்கற ஆழமான தூக்கம் வரைக்கும் இறங்குச்சு, மீட்டர்ல 14 வாட் குறைஞ்சது. வருஷத்துக்கு 123 யூனிட், ஒரு கார்டுக்கு. பத்து ஜிகாபிட் நெட்வொர்க் கார்டும் வேண்டாம், செம்பு ஒயர்ல அது ரெண்டு பக்கமும் சில வாட் தின்னும், சுத்தற டிஸ்க் வேகமே நொடிக்கு 250 எம்பி பக்கம்தான், அதுக்கு 2.5 ஜிகாபிட் தாராளம்.

இதெல்லாம் உனக்கே தெரியும். நீ அந்த பேக்கப் ஸ்கிரிப்ட எழுதினப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னு உன்கிட்ட சொன்னதே இல்ல. ஒவ்வொரு மெஷினும் தன்னோடத சாவி போட்டு பூட்டி அடுத்ததுக்கு அனுப்பும், உன்னுது இங்க இருக்கும், நான் திறந்து பாக்க முடியாது, என்னுது அங்க இருக்கும், நீ பாக்க முடியாது. சின்ன மாமாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், அவருக்கு புரிஞ்சுதோ என்னவோ, கேட்டுக்கிட்டாரு.

இப்ப டிஸ்க். 3.5 இன்ச் சுத்தற டிஸ்க் ஒண்ணு சும்மா சுத்தறதுக்கே அஞ்சு வாட் பக்கம் எடுத்துக்கும். நாலு சின்ன டிஸ்க் போட்டா 20 வாட், 175 யூனிட், மினி பிசி இழுக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல டிஸ்க்கே இழுத்துடும். பெரிய டிஸ்க்கா ஒண்ணே ஒண்ணு வாங்கு. தினமும் தொடற சாமான், லாக், டேட்டாபேஸ் எல்லாத்தையும் எஸ்எஸ்டில போடு, அப்பதான் பெரிய டிஸ்க் நிக்க முடியும், இல்லன்னா லாக்ல ஒரு வரி எழுதறதுக்காக அத எழுப்பிட்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துல நிக்கற மாதிரியும் வைக்காத, நின்ன டிஸ்க் மறுபடி சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்ல ரெண்டு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அடிக்கடி அப்படி பண்ணா அதுக்கும் நல்லதில்ல. ஒரு மணி நேரம் வை.

ஒண்ணே ஒண்ணான்னு கேப்ப. மிரர் இல்லாமலா, அதான் ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சமயத்துல ஒரே மாதிரி எழுதறது இல்லாமலான்னு கேப்ப. ஆமா. ஒரே பெட்டில ரெண்டு டிஸ்க் சேந்து சுத்தினா கரண்ட்தான் டபுள், ஒண்ணுல அழிச்சது இன்னொண்ணுலயும் அந்த நொடியே அழியும். ஒண்ணு உன்கிட்ட சுத்தட்டும், ரெண்டாவது என்கிட்ட சுத்தட்டும். மிரர் பேக்கப் ஆகாதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

டிஸ்க்கை மட்டும் நீயே மாட்டி அனுப்பிடுன்னு எழுதியிருக்க பாரு, அதைத்தான் ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். ப்ராசசர் கூலர வெறுங்கையால கழட்டி மாட்டறவன் நீ. சீரியல் நம்பர ஒரு நோட்டுல, போன்ல, டிஸ்க் மேலன்னு மூணு இடத்துல எழுதுவ, அப்பவும் கை நடுங்கும், நான் பாத்திருக்கேன். ஏன்னு எனக்கு தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி, அன்னைக்கு லேபிள் மாறல.

அப்பா போயி எட்டு மாசம், உனக்கு 17 வயசு. மிரர்ல ஒரு டிஸ்க் எரர் குடுத்துச்சு, அத கழட்டிட்டு புதுசு மாட்டினேன். நீ ரெண்டுலயும் பேப்பர் ஒட்டி 1, 2ன்னு எழுதி வச்சிருந்த, நீ ஒட்டினது சரியாத்தான் இருந்துச்சு. நான் அந்த பேப்பர பாக்கவே இல்ல. மெஷின் டிஸ்க்குக்கு எஸ்டிஏ, எஸ்டிபின்னு தானா பேர் வைக்கும்ல, முன்னாடி நாள் எஸ்டிபின்னு எந்த டிஸ்க் வந்துச்சோ அதே இடத்துலதான் புதுசு இருக்கும்னு நினைச்சு கமாண்ட் அடிச்சேன். ரீபூட்டுக்கு அப்புறம் எஸ்டிஏ, எஸ்டிபி இடம் மாறும்னு ஆபீஸ்ல நாலு பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். புது டிஸ்க்குன்னு நினைச்சு நல்ல டிஸ்க்கை அழிச்சேன். கழட்டின பழசை திரும்ப மாட்டினா டிக் டிக்னு சத்தம்தான் வந்துச்சு. அப்பா பேசின 11 ஃபைலும் அதோட போச்சு.

நீ எழுந்து வந்து என்னம்மா ஆச்சுன்னு கேட்ட. நான் "லேபிள் மாறியிருக்கு போல"ன்னு சொன்னேன். உன்ன திட்டல, நீதான்னு சொல்லல, அவ்வளவுதான் சொன்னேன், அது போதுமா இருந்துச்சு. நீ ஒண்ணும் பேசாம உள்ள போன. மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் பரீட்சை முடியட்டும்னு, அப்புறம் நீ காலேஜ் போயிட்ட, அப்புறம் இத்தனை வருஷம். எம்புள்ள என்ன வெறுத்துடுவானோன்னு பயந்தேன், அதுக்கு உன்ன நீயே வெறுக்கட்டும்னு விட்டுட்டேன். எத்தனை தடவை நீ "நான் டிஸ்க் தொட மாட்டேன்"னு சொல்லி நான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்திருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். உன் மெஷின் கடைசியா அனுப்பின ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு. பென்டிங் செக்டர், அதான் டிஸ்க்கால படிக்க முடியாம நிக்கற இடம், 8னு இருந்துச்சு, அதுக்கு முந்தின வாரம் 0. நீ கரண்டுக்காக மட்டும் நிப்பாட்டலன்னு நினைக்கறேன். பயந்துட்ட. எனக்கு போன் பண்ணவும் பயந்துட்ட, மறுபடியும் என்னால போச்சுன்னு சொல்ல வேண்டி வருமோன்னு. அந்த டிஸ்க்கை இனிமே ஆன் பண்ணாத, அப்படியே எடுத்து வை. உன் காப்பி அன்னைக்கு வரைக்கும் இங்க முழுசா இருக்கு, நேத்து செக் ஓட்டினேன், எரர் 0. பூட்டினது பூட்டினபடியே இருக்கு, சாவி உன்கிட்டதான்.

மினி பிசியும் டிஸ்க்கும் வாங்கு. டிஸ்க் மாடல் நம்பர பாத்து எஸ்எம்ஆர் (ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி எழுதற வகை) இல்லாம சிஎம்ஆரா (வரிய தனித்தனியா எழுதற வகை) வாங்கு, எழுதறதுல எஸ்எம்ஆர் ரொம்ப இழுத்தடிக்கும். என் வாட் மீட்டர பார்சல்ல அனுப்பறேன், எனக்கு இப்ப தேவைப்படல. டிஸ்க்கை நான் மாட்டி அனுப்ப மாட்டேன். நீயே மாட்டு. மாட்டிட்டு எனக்கு போன் பண்ணு, நான் இங்கருந்து உள்ள வந்து மெஷின் என்ன சீரியல் நம்பர் காட்டுதுன்னு ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிக்கறேன், நீ அங்க டிஸ்க் மேல இருக்கறத பாத்து சரின்னு சொல்லு. நீ சரின்னு சொல்ற வரைக்கும் நான் எந்த கமாண்டும் அடிக்க மாட்டேன்.

அம்மா