படச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நாம் சேகரிக்கும் பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

இவ்வாண்டு கூட்டங்களில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது படங்களின் பின்பக்கம்தான். உறுப்பினர் ஒருவர் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் ‘கார்ட் டி விசிட்’ (அட்டையில் ஒட்டிய சிறு புகைப்படம்) ஒன்றை, அந்தக் காலத்து அசல் என்று நம்பி வாங்கிவந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகமெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அச்சகத்தில் அடித்த படம்! அந்தக் காலத்தில் முட்டை வெண்கரு பூசிய தாளில் எடுத்த பிரதியில் இந்தப் புள்ளிகள் இருக்காது. அவர் முகம் வாடியது எனக்கும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், அடுத்த மாதமே இன்னொருவர் ஒரு லிங்கன் படம் கொண்டுவந்தார். அதில் புள்ளிகள் இல்லை. திருப்பினோம், ஸ்டுடியோ பெயருக்குக் கீழே ஒரு வரி வில்லை, அதாவது வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டும் சிறு தாள், இருந்தது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட அமெரிக்க அரசு 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரை புகைப்படங்களுக்கு வரி விதித்திருந்தது. ஆகவே அந்தப் படம் விற்பனையான காலம் அந்த இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. வில்லைமேல் பேனாவால் எழுதிய தேதி மங்கிவிட்டது. லிங்கன் கொல்லப்பட்டது 1865 ஏப்ரலில். படத்தை வாங்கியவர் அவர் உயிரோடு இருந்தபோது வாங்கினாரா, துக்கத்தில் வாங்கினாரா? கூட்டம் முடியும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். இந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் அது.

பின்பக்கத்தில் பசை தடவி ஒட்டிச் சட்டம் போட்டால் இதெல்லாம் போய்விடும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

பின்பக்கத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அக்கால அமெரிக்கப் புகைப்படக்காரர் மேத்யூ பிராடியின் பெயர் அச்சிட்டிருந்தால் அது ஸ்டுடியோவின் பெயர். அங்கே வேலை பார்த்தவர்கள் எடுத்த படங்களும் அந்தப் பெயரிலேயே வெளிவந்தன; பின்னாளில் தனி ஸ்டுடியோ வைத்த அலெக்சாண்டர் கார்ட்னரும் அங்கே இருந்தவர்தான். நமது பதிவேட்டில் ‘பிராடி எடுத்தது’ என்றிருந்த குறிப்புகளை ‘பிராடி ஸ்டுடியோ’ என்று திருத்தியிருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி இரண்டே விஷயம். டாகுரோடைப் தகட்டை (வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் எடுத்த பழைய படம்) துணியால் துடைக்கவே வேண்டாம். வெள்ளிப் பரப்பில் விழுந்த கீறல் மறையாது. பி.வி.சி. உறைகளை மாற்றி பாலியஸ்டர் உறைகள் போடுங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு படத்தின் இரு பக்கங்களையும் பதிவேட்டில் சேர்க்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு படத்தின் இரு பக்கப் பிரதிகளைக் கொண்டுவாருங்கள். இந்த அறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்