எல்லாத்தையும் ஃப்யூஷன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் புது பேண்டுகள் பத்தி நீங்க போட்ட கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், தமிழ் பேப்பர்ல இதுக்கு இவ்ளோ இடம் குடுத்ததுக்கே நன்றி சொல்லணும், ஆனா அகம், தைக்குடம் பிரிட்ஜ், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மூணு பேண்டையும் ஒரே வரியில 'துள்ளலான ஃப்யூஷன் இசை'ன்னு, அதாவது கலப்பு இசைன்னு முடிச்சிட்டீங்க, அதுதான் மனசு கேக்கல. எங்க செட்டுல அன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் இதே சண்டதான்.

பெங்களூர் அகம் தங்களுக்கு வெச்சுக்கிட்ட பேரு கர்நாடிக் ப்ராக்ரெசிவ் ராக். நீளமான பேருதான், ஆனா அதுக்கு அர்த்தம் இருக்கு. ராக் கிட்டார்ல டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்த கரகரப்பாக்கற எஃபெக்ட் ஏத்தி, சுரங்கள ஒண்ணா சேத்து அடிக்கிற பவர் கார்டுல (power chord) இருக்கறது ரெண்டே சுரம், ச-வும் ப-வும். நடுவுல வர்ற காந்தாரத்த, அதாவது க-வ விட்டுடுவாங்க, டிஸ்டார்ஷன்ல அதையும் சேத்து அடிச்சா சத்தம் கலங்கிப் போயிடும். நம்ம தம்புராவுலயும் வழக்கமா ஓடறது அதே ச-ப தானே! காந்தாரம் கீழ இல்லாததால மேல பாடறவரு கல்யாணி ராகம் எடுத்தாலும் சரி, வேற காந்தாரம் வர்ற கீரவாணி எடுத்தாலும் சரி அந்தக் கிட்டாரோட இடிக்காது, சுரத்த அசைச்சுப் பாடற கமகத்துக்கும் இடம் கிடைக்கும். இத ரெண்டு வரியில சொல்லியிருந்தீங்கன்னா கச்சேரி மட்டும் கேக்கற எங்க அப்பா மாதிரி ஆளுங்க கூட ஒரு தடவ போட்டுக் கேட்டிருப்பாங்க. ஃப்யூஷன்னு சொன்னா எது எதோட கலந்துச்சுன்னே தெரியல.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் விஷயத்துல எனக்கு கோவமே வந்துச்சு. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல அவங்க மொத தடவ மேடை ஏறினப்ப 19 பேரு, பறை, சட்டி மேளம், டோலக், கூடவே கிட்டார், டிரம்ஸ், ராப். பேரே சாதிய எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற'ங்கற வார்த்தைலேர்ந்து வந்தது. எங்க செட்டுல ஒருத்தன் இது ராக்கே இல்ல கானாதான்னான், இன்னொருத்தன் டிரம்ஸும் கிட்டாரும் இல்லாம இது நிக்காதுன்னான். நான் கானா பக்கம்தான். வடசென்னைல சாவு வீட்டுல விடிய விடிய பாடின குரல் அது, ஆம்பளைங்களே பாடிட்டிருந்த எடத்துல இசைவாணி வந்து பாடினாங்க, இடஒதுக்கீடு பத்தியும் மாட்டுக்கறி பத்தியும் மேடையில பாட்டு வந்துச்சு. இதப் போயி துள்ளல்னு எழுதலாமா சார்? அடி துள்ளும், ஒத்துக்கறேன். வார்த்தை துள்ளல, அது நெஞ்சுல நிக்குது.

பேப்பர்ல வர்ற வார்த்தைக்கு இவ்ளோ பேசணுமான்னு நெனைக்காதீங்க. 1970கள்ல கேன், ஃபௌஸ்ட் மாதிரி ஜெர்மன் பேண்டுகளுக்கு 'க்ரௌட்ராக்'னு பேரு பரவுனதே இங்கிலாந்து பத்திரிகைங்களாலதான், 'க்ரௌட்'ங்கறது ஜெர்மன்காரங்கள மட்டமா சொல்ற வார்த்தை, 50 வருஷம் ஆகியும் அந்தப் பேரு போகல. கால்கிட்ட இருக்கற, கிட்டார் சத்தத்த மாத்தற பெடலயே பாத்துக்கிட்டு வாசிக்கறாங்கன்னு சில பேண்டுகளுக்கு 'ஷூகேஸ்' (shoegaze), அதாவது ஷூவயே பாக்கறதுன்னு பேரு வெச்சாங்க, அந்தப் பேர்ல பாட்டு எப்படி இருக்கும்ங்கறதே கிடையாது, கிட்டாரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா பனிமூட்டம் மாதிரி படிஞ்சு குரல் அதுக்குள்ள அமுங்கிக் கேக்கும், எவ்ளோ அழகான சத்தம் அது. நீங்க இன்னிக்கு எழுதற வார்த்தையத்தான் நாளைக்கு காலேஜ் பசங்க திருப்பிச் சொல்லுவாங்க.

அடுத்து திருவனந்தபுரம் அவியல் பேண்ட் பத்தி எழுதறதா இருந்தா தயவுசெஞ்சு மலையாள ஃப்யூஷன்னு போடாதீங்க. கிட்டார் எப்படிக் கேக்குது, பாட்டுல எங்க நாட்டுப்புற மெட்டு வருது, டிரம்ஸ் எங்க நிறுத்துதுன்னு எழுதுங்க. முடிஞ்சா டோலக் வாசிக்கறவரயும் டிரம்ஸ் அடிக்கறவரயும் உக்கார வெச்சு, அவங்க வாசிக்கறத அவங்களே என்ன பேரு சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கேட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பெரம்பூர், சென்னை