செயலாளரின் ஆண்டறிக்கை: விக்டர் த்சோய்க்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது இசை ரசிகர் வட்டத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைத் தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. ஒலிபெருக்கி பழுது பார்க்கப்பட்டது. நூலகத்துக்குப் புதிய அலமாரி வாங்கப்பட்டது.

ஆண்டின் பெரும்பாலான கூட்டங்களை ரஷ்ய ராக் பாடகர் விக்டர் த்சோய் ஒருவருக்கே ஒதுக்கியது ஏன் என்று செயற்குழுவில் கேள்வி எழுந்தது. அதை முன்மொழிந்தவன் என்ற முறையில் விளக்கம் தருவது என் கடமை. 28 வயதில் மறைந்துவிட்ட ஒருவர், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, பத்தாண்டுகூட நீடிக்காத ஓர் இசை வாழ்க்கையில் ஒரு தலைமுறையின் குரலாக எப்படி ஆனார் என்பதை ஒரே மாலையில் பேசி முடிக்க இயலாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

த்சோய் 1962 ஜூன் 21 அன்று லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தார். தாய் ரஷ்யர், உடற்பயிற்சி ஆசிரியை. பொறியாளரான தந்தை, 1937இல் ஸ்டாலின் அரசு தூரகிழக்கிலிருந்து மத்திய ஆசியாவுக்குப் பெயர்த்தனுப்பிய கொரியச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஓவியப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட த்சோய், தொழிற்பள்ளியில் மரச் செதுக்கு வேலை கற்றார். 1981இல் நண்பர்களுடன் தொடங்கிய குழுவே பின்னர் ‘கினோ’ ஆயிற்று. ரூபின்ஸ்டைன் தெரு 13ஆம் எண் கட்டடத்தில் லெனின்கிராட் ராக் கிளப் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

முதல் இசைத்தொகுப்பு 1982இல் வெளிவந்தது. சுமார் 45 நிமிடம் ஓடியதால் அதற்கு ‘45’ என்றே பெயர் வைத்தார்கள். பதிவுக்குத் துணைநின்றவர் ‘அக்வேரியம்’ ராக் குழுவின் தலைவர் போரிஸ் கிரெபென்ஷிகோவ். தம் ஸ்டுடியோவில் இடம் அளித்தவர் ஒலிப்பதிவாளர் ஆந்த்ரேய் த்ரொபில்லோ. சிறுவர்களுக்கு ஒலிப்பதிவு கற்பிக்கும் பயிற்சிக் கூடம் என்பது அந்த ஸ்டுடியோவின் அரசு அங்கீகாரம் பெற்ற முகம். மற்ற நேரங்களில் அங்கே ராக் குழுக்கள் பதிவு செய்தன. இசைத்தட்டு வெளியீடு முழுவதும் அரசு நிறுவனமான மெலோதியாவின் கையில் இருந்த காலம் என்பதால், ரசிகர்கள் ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு நகலெடுத்து, நகலின் நகலையும் கைமாற்றிக் கேட்டார்கள். வீடுகளில் கூடிய கச்சேரிகளில், ஒரு சிறிய அறையில் தரையிலும் சன்னலோரத்திலும் நெருக்கி அமர்ந்து, ஒற்றை கிதாருடன் அவர் பாடுவதைக் கேட்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். அப்படிப் பணம் வசூலிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தும் போட்டார்கள்.

என் மனத்தை மிகவும் தொட்டது ‘கம்சாத்கா’ என்று நண்பர்கள் அழைத்த கொதிகலன் அறை. வேலையில்லாமல் இருப்பதே சோவியத் சட்டத்தில் தண்டனைக்குரியது என்பதால் ராக் பாடகர்கள் பலர் காவலாளிகளாகவும் கொதிகலன் தொழிலாளிகளாகவும் பதிவு செய்துகொண்டனர். த்சோய் பெயரளவில் நிற்கவில்லை. 1986 முதல் 1988 வரை ப்ளோஹின் தெருவின் அந்த நிலவறையில் மண்வாரியால் நிலக்கரி அள்ளிப் போட்டு, மேலே குடியிருந்தவர்களுக்கு வெப்பம் அளித்தார். ‘ரத்த வகை’ தொகுப்பு 1988இல் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றதும் இதே காலத்தில்தான் என்பதை உறுப்பினர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்த அறை இன்று அவர் நினைவைப் போற்றும் அருங்காட்சியகமாக உள்ளது.

1987இல் வந்த ‘அஸ்ஸா’ படத்தின் முடிவில் மாற்றம் வேண்டும் என்று அவர் பாடிய பாட்டு, 2020இல் பெலாரஸ் போராட்டங்களிலும் ஒலித்தது. 1990 ஜூன் 24 அன்று மாஸ்கோவின் லுழ்னிக்கி அரங்கில் பாடினார். ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் அவர் ஓட்டிச்சென்ற மாஸ்க்விச் கார் பேருந்தில் மோதி இறந்தார். அங்கே கிதார் கலைஞர் யூரி கஸ்பரியானுடன் பதிவு செய்து வைத்திருந்த குரலுக்குக் கினோ குழுவின் மற்ற இருவரும் தங்கள் வாசிப்பைச் சேர்த்து முடித்த தொகுப்பு, கறுப்பு அட்டையுடன் அவ்வாண்டே வெளிவந்தது.

இந்தக் கறுப்புத் தொகுப்பை முழுமையாகக் கேட்ட கூட்டத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அழைப்பு முன்கூட்டியே அனுப்பப்பட்டது. தேர்வு செய்த பாடகர் சரியில்லை என்று பின்னர் குறை கூறியவர்கள் ஒரு கூட்டத்துக்காவது வந்து கேட்டிருந்தால் அந்தக் குறையை மதித்து ஏற்றிருப்பேன். சந்தா நிலுவையும் கணிசமாக உள்ளது. நிலுவை வைத்திருப்போரில் நெடுநாள் உறுப்பினர்களும் அடக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சரிபார்த்துள்ளார். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல்; முந்தைய ஆண்டின் கையிருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. கூட்ட அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி.

த்சோயின் வாழ்க்கை, தொகுப்புகளின் வரிசை, பாடல்களின் பொருள் விளக்கம் ஆகியவற்றைக் கொண்ட தமிழ்க் கையேட்டை எழுதி முடித்துவிட்டேன். அச்சிடப் பணம் இல்லை. நிலுவையில் பாதி வசூலானாலே வரும் ஆகஸ்ட் 15 நினைவுக் கூட்டத்தில் அதை வெளியிட்டுவிடலாம். மீண்டும் இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழுவின் முடிவுக்கே விடுகிறேன். யார் தொடர்ந்தாலும் கையேட்டுப் பணி நின்றுவிடக் கூடாது. ரசீதுப் புத்தகம் இன்று பொருளாளரின் மேசையில் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்