தனுஷ்கோடியில் தப்பியவர்களின் குரலைப் பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயலுக்குத் தப்பியவர்களைத் தேடிப் போய், அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, ஒரு புத்தகமாகவும் யாரும் இலவசமாகக் கேட்கக்கூடிய ஒலித்தொகுப்பாகவும் கொண்டுவர எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும். குழுவில் நாவல் எழுதுகிறவன் நான் என்பதால் வேண்டுகோளையும் என்னையே எழுதச் சொன்னார்கள்.

அன்று எனக்கு எட்டு வயது. அய்யாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயில் வரும், அதில் வந்தவர்கள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போவார்கள், அந்தப் போக்குவரத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தண்ணீர் வாசலுக்கு வந்ததும் அம்மா என்னையும் தங்கையையும் சேலையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினாள். வாயெல்லாம் மணலும் உப்பும். பக்கத்தில் நின்றவர் கத்தியதுகூடக் காதில் விழாத காற்று. எங்களோடு கிளம்பிய அத்தையும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் மேட்டுக்கு வந்து சேரவில்லை.

பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்கு வெளியே அலையில் போனதும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்ததும் தெரியும், அது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைதான் வந்தது. தனுஷ்கோடி வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. குடிசைகளில் இருந்த சுமைக்கூலிகள், மீனவர்கள், கருவாடு காயப்போட வந்தவர்கள், இவர்களில் எத்தனை பேர் போனார்கள்? நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் என் அத்தை பெயர் இல்லை.

உன் நினைவை வைத்தே எழுதிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அறுபது வருடமாக மனதுக்குள் ஓட்டி ஓட்டி, எது நான் கண்டது, எது அம்மா பின்னால் சொன்னது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை, நாவலுக்கு அதனால் குறையில்லை, ஆனால் இறந்தவர்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யும்போது அந்த வீட்டுக்காரர்களே பேச வேண்டும். அன்று இளவட்டமாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, சிலருக்குப் பேச்சே தடுமாறுகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

செலவு மொத்தம் இரண்டு லட்சம் ரூபாய். நல்ல ஒலிப்பதிவுக் கருவி, ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று அலைவதற்கான வண்டிச் செலவு, கேட்டுக் கேட்டு எழுதித் தரும் இளைஞர்களுக்குச் சம்பளம், அப்புறம் அச்சுக்கூலி. குழுவில் யாரும் இதில் ஒரு பைசா எடுக்க மாட்டோம். நூறு ரூபாயும் பெரிய தொகைதான். ரசீது தருவோம், கணக்கை மாதாமாதம் வெளியிடுவோம். கொடுக்க விரும்புகிறவர்கள் எங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வங்கி விவரம் தருகிறோம்.

பணம் முடியாவிட்டால் ஆள் சொல்லுங்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ அந்த ஊரில் இருந்தவர் என்றால் போதும், நாங்கள் வருகிறோம். அதே புயல்தான் இலங்கையின் வடக்கையும் அடித்தது, ஆகவே மன்னார், வவுனியாக்காரர்களும் எழுதுங்கள், அவர்களோடு தொலைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.