விழாக் குழுக்களுக்கு ஒரு மடல்: பெயர் போடும் முன் வேலையைப் பிரித்து எழுதுங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2007இல் தொடங்கிய தமிழ்மொழி விழாவுக்காக ஏப்ரல் மாதம் முழுக்க நிகழ்ச்சிகளை நடத்துகிறீர்கள். அவற்றில் பலவற்றைத் தாங்கிப் பிடிப்பவர்கள், பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கூட்டத்துக்கு வரும் தொண்டூழியர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் மண்டபம் ஒருவர், உணவு ஒருவர், போட்டி ஒருவர், விளம்பரம் ஒருவர் என்று பெயர் போட்டுவிடுகிறோம். திட்டமிட்டாகிவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறோம். உணவுக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்பது அதை ஏற்றுக்கொண்டவருக்கு விழாவுக்கு முந்தின வாரம்தான் தெரியவருகிறது.

சைவம் எத்தனை பேர், ஹலால் உணவுக்குச் சொல்லியாகிவிட்டதா, வண்டி வரும்போது கீழே நின்று வாங்கி வைப்பது யார், மிச்சத்தையும் குப்பையையும் யார் பார்ப்பது? இத்தோடு முடியவில்லை. வெளியிலிருந்து வரவழைக்கும் உணவில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் குறித்திருக்கும். சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதே இங்குள்ள அறிவுரை. அப்படியென்றால் சிறப்புரை அரை மணி நேரம் நீண்டால், அது சாப்பாட்டையும் பாதிக்கும். மேடையைப் பார்ப்பவரும் உணவைப் பார்ப்பவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவதும் ஒரு வேலைதான். அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

எனக்கு இன்னும் வலிப்பது சான்றிதழ். மாணவர் போட்டிக்குப் பெயர்களை ஆங்கிலத்தில் வாங்குகிறோம். அவற்றை யாரோ அவசரமாகத் தமிழில் அடிக்கிறார்கள். தமிழ் விழா மேடையில் ஒரு பிள்ளை தன் பெயரைத் தப்பான எழுத்தில் வாங்கிக்கொண்டு இறங்குகிறது. பொறுப்பாளர் மேல் குறை சொல்ல முடியாது. 'பெற்றோரிடம் தமிழ்ப் பெயரைக் கேட்டு உறுதிசெய்வது' என்ற வேலை யார் பட்டியலிலும் இருந்ததில்லை.

இப்படி வேலைகள் விடுபடாமல் இருக்க ஒரு வழி உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில், முழு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துத் திட்டமிடும் முறை உருவெடுத்தது. 1968இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதைத் தரநிலையாகவே வெளியிட்டது. இம்முறையைக் கையாள்பவர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருப்பார்கள்: துண்டுகளைக் கூட்டினால் வேலையின் 100 விழுக்காடும் வந்துவிட வேண்டும். அந்தச் சான்றிதழ்ப் பெயர் போல எதுவும் இடுக்கில் விழக்கூடாது. ஒரு துண்டு 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் 80 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்கட்டும் என்றும் சொல்வார்கள். அது முழுநேர ஊழியர்களுக்கான கணக்கு. நம் தொண்டூழியருக்கு ஒரு மாலையிலோ ஒரு சனிக்கிழமையிலோ முடிகிற அளவு போதும். அதற்கும் கீழே, நாற்காலி நகர்த்துவது வரை எழுதினால் பட்டியலைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

இளையர்கள் வருவதில்லை என்று அடிக்கடி வருத்தப்படுகிறோம். வருகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களை "வந்து கொஞ்சம் உதவி பண்ணுங்கப்பா" என்று கூப்பிடுகிறோம். வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நிற்கிறார்கள், அடுத்த முறை வருவதில்லை. அதே பிள்ளையிடம், "போட்டியாளர் 60 பேரின் தமிழ்ப் பெயர்களையும் உறுதிசெய்து, மார்ச் 20க்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும், இது உன் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். முடித்ததும் நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியும்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் யார் பெயரையும் போடும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன முறை அந்தந்த வேலையைச் செய்தவரையே கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். எது எங்கே விடுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே பெயர், ஒரு தேதி, அப்புறம் முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்று ஒரு வரி எழுதுங்கள். 'குழுவாகப் பார்த்துக்கொள்வோம்' என்ற வரி எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் உரையாடலில் புதைய விடாமல், எல்லாரும் திறந்து பார்க்கிற ஓரிடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியர்களில் ஒருவர்